பிழைதிருத்தப் பைட்டுகளைப் பக்கம் முழுவதும் பரப்பி வைத்தால் ஃபிளாஷ் வாசிப்பு வேகமாகுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒவ்வொரு பக்கத்திலும் (ஒரே தடவையில் வாசிக்கப்படும் அலகு) 2048 பைட் தரவும் 64 பைட் உபரியும் கொண்ட 1 கிகாபிட் நாண்ட் ஃபிளாஷ் சில்லில், பிழைதிருத்தக் குறியீட்டின் பாரிட்டி பைட்டுகள் (தரவின் பிழைகளைக் கண்டறிந்து திருத்த உதவும் கூடுதல் பைட்டுகள்) எல்லாம் பக்கத்தின் கடைசியில், உபரிப் பகுதியில், ஒன்றாகக் குவிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு 512 பைட் தரவுக்குப் பின்னும் அதற்குரிய பாரிட்டியை ஒட்டி வைத்தால் வாசிப்பு வேகமாகுமா? ஆகுமென்றால் ஏன் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை? பைட்டுகளை எங்கே வைப்பது என்ற கேள்வியாக இது தோன்றினாலும், ஒரு சிறு துண்டைப் பிழையின்றி வாசிக்க எத்தனை பைட்டுகள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே இதன் உள்ளிருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஃபிளாஷ் இயக்கி நிரல்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இடமாற்றத்தால் மட்டும் பஸ்ஸில், அதாவது சில்லுக்கும் அதை இயக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே பைட்டுகள் செல்லும் கம்பிவழியில், மிச்சமாகும் நேரம் சொற்பம், நாம் வாசிக்கும் மிகச் சிறிய அலகு பிற துண்டுகளின் உதவியின்றித் தானே சரிபார்த்துக்கொள்ளக் கூடியதாக இருப்பதும், அதற்கு வேண்டிய பாரிட்டி உரிய நேரத்தில் வந்து சேர்வதுமே வேகத்தைத் தருகின்றன.

கணக்கைப் பார்ப்போம். நாண்ட் சில்லில் ஒரு பக்கத்தை வாசிப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில், பிட்டுகளைச் சேமிக்கும் செல் வரிசையிலிருந்து முழுப் பக்கமும் சில்லுக்குள்ளேயே உள்ள பதிவகத்துக்கு வருகிறது. ஒரு செல்லில் ஒரு பிட் வைக்கும் எஸ்எல்சி வகைக்கு இது ஏறத்தாழ 25 மைக்ரோ வினாடி. இந்தக் கட்டத்தில் பாரிட்டி எங்கே இருந்தாலும் ஒன்றுதான், ஏனெனில் 2112 பைட்டும் ஒரே நேரத்தில் உணரப்படுகின்றன. இரண்டாவது கட்டத்தில் பதிவகத்திலிருந்து கட்டுப்படுத்திக்கு ஒவ்வொரு பைட்டாகப் பஸ் வழியே வெளியே வருகிறது. பழைய, கடிகாரத் துடிப்பில்லா இடைமுகத்தில் ஒரு பைட்டுக்கு 25 நானோ வினாடி என்று வைத்தால், 2112 பைட்டுக்கு 52.8 மைக்ரோ வினாடி, ஆகமொத்தம் 77.8. ஒரே ஒரு 512 பைட் துண்டு மட்டும் வேண்டுமென்றால், 8 பிட் பிழைகளைத் திருத்தும் பிசிஎச் குறியீட்டுக்கு 13 பைட் பாரிட்டி தேவை (திருத்தும் பிழை ஒவ்வொன்றுக்கும் 13 பிட், ஆக 104 பிட்), எனவே 525 பைட் வந்தால் போதும்: 13.1 மைக்ரோ வினாடி. உணரும் நேரத்தையும் சேர்த்தால் 38. முழுப் பக்கத்தை வாசிப்பதில் பாதி.

இந்தப் பாதியைத்தான் பரப்பி வைப்பதன் ஆதாயம் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. பாரிட்டி பக்கத்தின் கடைசியில் இருந்தாலும், பதிவகத்துக்குள் எந்த இடத்துக்கும் தாவ உதவும் நெடுவரிசை மாற்றக் கட்டளை நாண்ட் சில்லுகளில் உண்டு. 512 பைட்டை வாசித்துவிட்டு, ஒரு கட்டளை பைட், இரண்டு முகவரி பைட், இன்னொரு கட்டளை பைட் என நான்கு சுழற்சி அனுப்பி, சற்றே காத்திருந்து, 13 பாரிட்டி பைட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். இதற்கு ஆகும் மொத்த நேரம் ஏறத்தாழ 13.3 மைக்ரோ வினாடி. அதாவது பரப்பி வைத்தால் 13.1, கடைசியில் வைத்தால் 13.3. இந்த வேறுபாட்டுக்காக யாரும் தரவு அமைப்பை மாற்ற வேண்டியதில்லை. பாதி நேரம் மிச்சமாவது பாரிட்டியின் இடத்தால் அன்று. தேவையில்லாத மூன்று துண்டுகளை வாசிக்காமல் விட்டதால். உங்கள் இயக்கி இப்போது முழுப் பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் சரிபார்க்கிறது என்றால், முதலில் மாற்ற வேண்டியது அந்த வழக்கத்தைத்தான்.

ஆனால் பரப்பி வைப்பதற்கு உண்மையான ஓர் ஆதாயம் இருக்கிறது. அது முழுப் பக்க வாசிப்பில்தான் தெரிகிறது. பிசிஎச் திருத்தியின் வேலையை எண்ணிப் பாருங்கள். பைட்டுகள் உள்ளே வரவர அது சிண்ட்ரோம் என்னும் சோதனை மதிப்புகளைக் கணக்கிட்டுக்கொண்டே போகிறது. துண்டின் கடைசிப் பாரிட்டி பிட் வந்த பிறகே அவை முழுமையடைகின்றன. எல்லாம் பூஜ்யமானால் பிழை இல்லை, உடனே அடுத்த வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் பிழைகளின் இடத்தைத் தேட வேண்டும்; ஒரு சுழற்சிக்கு 8 பிட் இடங்களைச் சோதிக்கும் எளிய வன்பொருள், 100 மெகாஹெர்ட்ஸில், 525 பைட் துண்டுக்கு 5.25 மைக்ரோ வினாடி எடுத்துக்கொள்ளும். பாரிட்டி ஒவ்வொரு துண்டையும் ஒட்டி வந்தால், முதல் துண்டைத் திருத்தும் வேலை இரண்டாம் துண்டு பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் 13 மைக்ரோ வினாடிக்குள் மறைந்துவிடும். கடைசித் துண்டுக்கான 5.25 மட்டுமே வெளியே தெரியும், மொத்தம் 83. பாரிட்டி எல்லாம் கடைசியில் வந்து, நான்கு துண்டுகளிலும் பிழை இருந்து, திருத்தி ஒன்றே ஒன்று என்றால், நான்கையும் பக்கம் முடிந்த பிறகு வரிசையாகச் செய்ய வேண்டும், 77.8உடன் 21 சேர்ந்து 99 ஆகிவிடும். போதாததற்கு, நான்கு துண்டுகளின் அரைகுறைச் சிண்ட்ரோம்களையும் அதுவரை வன்பொருளுக்குள் வைத்துக் காக்க வேண்டும். பரப்பிய அமைப்பைச் சில்லு வடிவமைப்பாளர்கள் விரும்புவதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்: ஒரே ஓட்டமாகப் பைட்டுகளை விழுங்கும் இயந்திரத்துக்கு இடையில் தாவவோ நினைவு வைத்துக்கொள்ளவோ வேண்டியதில்லை.

இதே ஆதாயத்தைத் தரவின் அமைப்பை மாற்றாமலும் பெறலாம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். உபரிப் பகுதிக்கு முதலில் தாவி அந்த 64 பைட்டுகளையும் எடுத்துவிட்டு, பிறகு பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பித் தரவை வாசித்தால், ஒவ்வொரு துண்டும் முடியும் கணத்தில் அதன் பாரிட்டி ஏற்கெனவே கையில் இருக்கும். லினக்ஸ் கர்னலின் நாண்ட் அடுக்கில் உபரியை முதலில் வாசிக்கும் இத்தகைய செயற்கூறு தனியாகவே இருக்கிறது. பாரிட்டி உபரிப் பகுதியில் இருக்கிறதா, தரவோடு பின்னப்பட்டிருக்கிறதா என்பதைக் குறிக்கும் அமைப்பும் அங்கே உண்டு. ஆக, கட்டுப்படுத்தி இந்த வரிசை மாற்றத்துக்கு இடம் கொடுத்தால், இரண்டு நெடுவரிசைத் தாவல்களின் செலவில், ஒரு மைக்ரோ வினாடிக்கும் குறைவான நேரத்தில், பரப்பியதன் பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும். கட்டுப்படுத்தி இடம் கொடுக்காதபோதுதான் பரப்புவது அவசியமாகிறது.

சிறு வாசிப்பு எங்கே உண்மையில் உதவுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. லினக்ஸில் யூபிஐ என்ற ஃபிளாஷ் மேலாண்மை அடுக்கு இருக்கிறது (பணம் அனுப்பும் யூபிஐக்கும் இதற்கும் தொடர்பில்லை). விரைவு இணைப்பு வசதி இல்லாத நிலையில், கருவி தொடங்கும்போது அது ஒவ்வொரு அழிப்புத் தொகுதியிலும் (ஒரே தடவையில் அழிக்கப்படும் பக்கங்களின் கூட்டம்) இரண்டு தலைப்புகளைப் படிக்கிறது. ஒவ்வொன்றும் 64 பைட்தான். உங்கள் சில்லில் 1024 தொகுதிகள், ஆக 2048 வாசிப்புகள். ஒவ்வொன்றுக்கும் முழுப் பக்கத்தை இழுத்தால் 159 மில்லி வினாடி. முதல் துண்டை மட்டும் இழுத்தால் 78. மென்பொருளின் கூடுதல் வேலையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. செயலியைப் பொறுத்து அது இதைவிடப் பெரிதாகவும் இருக்கக் கூடும். ஆனாலும் மின்சாரம் கொடுத்த அரை வினாடிக்குள் விழித்தெழ வேண்டிய கருவிக்கு 80 மில்லி வினாடி என்பது போராடிப் பெற வேண்டிய நேரம்.

இனி, ஏன் எல்லோரும் பரப்புவதில்லை என்பதற்கு வருகிறேன். நாண்ட் சில்லுகள் தொழிற்சாலையிலிருந்தே சில பழுதான தொகுதிகளோடுதான் வருகின்றன. அவற்றின் அடையாளம் பெரும்பாலும் உபரிப் பகுதியின் முதல் பைட்டில், உங்கள் சில்லில் (பூஜ்யத்திலிருந்து எண்ணினால்) 2048ஆம் இடத்தில், பொறிக்கப்பட்டிருக்கிறது. பாரிட்டியைக் கடைசியில் வைக்கும் பழைய அமைப்பு இந்த இடத்தைத் தொடுவதில்லை. பரப்பிய அமைப்பில் தரவு அந்த இடத்தின்மேல் வழிந்து உட்கார்ந்துவிடுகிறது. ஃப்ரீஸ்கேல் (இப்போது என்எக்ஸ்பி) ஐ.எம்எக்ஸ் செயலிகளின் நாண்ட் கட்டுப்படுத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பிய அமைப்புக்கு நான் நன்கறிந்த எடுத்துக்காட்டு அதுதான். அங்கே பக்கத்தின் தொடக்கத்தில் 10 பைட் துணைத் தகவல், பிறகு 512 தரவு, 13 பாரிட்டி, மீண்டும் 512, 13 என நான்கு முறை. மொத்தம் 2110 பைட், 2112க்குள் அடங்கிவிடுகிறது. இந்த அமைப்பில் 2048ஆம் பைட் நான்காம் துண்டுக்குள், அதன் 463ஆம் தரவு பைட்டாக விழுகிறது. நிரலின் கண்ணோட்டத்தில் அது பக்கத் தரவின் 1999ஆம் பைட். எனவே எழுதும்போது அந்த 1999ஆம் பைட்டைப் பக்கத்தின் தொடக்கத்தில் உள்ள துணைத் தகவல் பைட்டோடு இடம் மாற்றி எழுதி, வாசிக்கும்போது திரும்ப மாற்றிக்கொள்ளும் ஒரு வேலையை இயக்கி செய்கிறது. இதைத் தொடக்க ஏற்றி நிரல், கர்னல், தொழிற்சாலையில் சில்லில் எழுதும் கருவி ஆகிய எல்லாம் ஒரே மாதிரி செய்தாக வேண்டும். நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் எழுதும் கருவி மட்டும் இந்த இடமாற்றத்தைச் செய்யவில்லை. பிழைதிருத்தி ஒரு குறையும் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு பைட் தவறாக இருந்தது. பிழைதிருத்தக் குறியீட்டின் பார்வையில் அது செல்லுபடியாகும் தரவு என்பதால் வன்பொருளின் எந்தச் சோதனையும் அதைப் பிடிக்கவில்லை. கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஆதாயத்தை மைக்ரோ வினாடியில் எண்ணும்போது இத்தகைய செலவையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் பிட் எல்லை. 8 பிழைகளுக்கு 104 பிட் என்பது சரியாக 13 பைட் ஆகிவிடுவது நல்வாய்ப்பு. 14 பிழைகளைத் திருத்த வேண்டுமென்றால் 182 பிட், அதாவது 22.75 பைட், அப்போது அடுத்த துண்டின் தரவு ஒரு பைட்டின் நடுவிலிருந்து தொடங்கும். வன்பொருளுக்கு இதில் சிரமமில்லை. பச்சைத் தரவை எடுத்துப் பார்த்துப் பழுது ஆராயும் மனிதருக்குத்தான் சிரமம். அழித்த பக்கங்களையும் கவனியுங்கள்: அழித்த பக்கத்தில் எல்லாப் பிட்டும் 1, ஆனால் எல்லாம் 1 ஆன தரவுக்குப் பிசிஎச் பாரிட்டி பொதுவாக எல்லாம் 1 ஆக வருவதில்லை. எனவே வெற்றுப் பக்கம் திருத்த முடியாத பக்கம்போல் தோன்றும். துண்டிலும் அதன் பாரிட்டியிலும் உள்ள பூஜ்யங்களை எண்ணி, அவை சொற்பமானால் வெற்று என்று முடிவு செய்ய வேண்டும். இது இரு அமைப்புக்கும் பொது.

இதுவரை சொன்னவை கணக்கிட்டு உறுதி செய்யக் கூடியவை. அடுத்து வருவது சமரசம். இதில் விடை உங்கள் சில்லின் பிழை விகிதத்தைப் பொறுத்தது. வேகத்துக்காகத் துண்டைச் சிறிதாக்கினால், அதே அளவு பாரிட்டியில் பாதுகாப்பு குறைகிறது. நான்கு 512 பைட் துண்டுகளுக்கு ஆளுக்கு 13 ஆக 52 பைட் பாரிட்டி செலவிடுகிறோம். 2048 பைட்டையும் ஒரே நீண்ட துண்டாக்கினால், துண்டு நீண்டதால் பிழை ஒன்றுக்கு 13 அல்லாமல் 15 பிட் என்ற கணக்கில், 51 பைட்டில் 27 பிழைகளைத் திருத்தலாம். பிட் பிழை விகிதம் பத்தாயிரத்தில் ஒன்று என்றால், சிறு துண்டுகளே தாராளம்: மூன்றில் இரு துண்டுகளில் பிழையே இருக்காது, ஒரு துண்டு திருத்த முடியாமல் போகும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றை ஒட்டி வரும். விகிதம் ஆயிரத்தில் ஒன்றாக ஏறினால் நிலை தலைகீழாகிறது. ஒரு சிறு துண்டுக்கு மட்டும் ஏறத்தாழ 2.8 சதவீதத் தோல்வி. நான்கில் ஏதாவது ஒன்று தோற்றால் பக்கமே தோற்றது என்று கொண்டால் 10 சதவீதத்துக்கும் மேல். நீண்ட துண்டுக்கோ 0.8 சதவீதம்தான். ஒரு துண்டில் பிழைகள் குவிந்து இன்னொன்றில் குறைவாக இருக்கும்போது, நீண்ட குறியீடு மிச்சமிருக்கும் திறனைத் தேவைப்படும் இடத்துக்குக் கொடுக்கிறது; சிறு துண்டுகள் தங்கள் பங்கைப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. பிழைகள் ஒன்றையொன்று சாராமல் சிதறி வருகின்றன என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது. உண்மைச் சில்லில் தேய்மானம், நீண்ட நாள் சேமிப்பில் கசியும் மின்னூட்டம், அடிக்கடி வாசித்ததால் அண்டைப் பக்கங்களுக்கு ஏற்படும் இடையூறு ஆகியவற்றால் பிழைகள் கொத்தாகவும் வரும். ஆகவே எண்களை ஒப்பீட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உத்தரவாதமாகக் கொள்ளாதீர்கள். நல்ல நிலையில் உள்ள எஸ்எல்சி சில்லு ஆயிரத்தில் ஒன்று என்ற விகிதத்துக்கு அருகேகூட வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தச் சமரசத்திலிருந்து தப்பிக்கும் வழிதான், பாரிட்டியைப் பரப்புவது என்ற எண்ணத்தின் மிக அழகான வடிவம் என்பது என் கருத்து. அன்றாட வாசிப்புக்குப் போதுமான பாரிட்டியைத் துண்டின் அருகிலேயே வையுங்கள். அரிதாகத் தேவைப்படும் கூடுதல் பாரிட்டியை எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவாக, வாசிப்பின் வழியிலிருந்து விலக்கி, வேறிடத்தில் வையுங்கள். இதைப் பிசிஎச் குறியீட்டின் அமைப்பே அனுமதிக்கிறது. நான்கு துண்டுகளையும் பிட் பிட்டாக எக்ஸ்ஓஆர் (இரு பிட்டுகள் வேறுபட்டால் 1, ஒத்தால் 0) செய்தால் வரும் சொல், 8 அல்லாமல் 20 பிழைகளைத் திருத்தும் வலுவான பிசிஎச் குறியீட்டைச் சேர்ந்ததாக இருக்கும்படி எழுதும்போதே ஏற்பாடு செய்கிறோம். ஒரு துண்டில் 8க்கு மேல் பிழை வந்து அது தோற்றால், அப்போது மட்டும் மற்ற மூன்றையும் வாசித்துத் திருத்துகிறோம். கூட்டுச் சொல்லின் உயர்நிலைச் சிண்ட்ரோம் (வலுவான குறியீடு கூடுதலாகக் கேட்கும் சோதனை மதிப்புகள்) பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதால், தோற்ற துண்டின் உயர்நிலைச் சிண்ட்ரோமைக் கழித்துக் கண்டுபிடித்து, 20 பிழைகள்வரை திருத்திவிடலாம். இதன் கூடுதல் செலவு 156 பிட், அதாவது 20 பைட், பக்கத்துக்கு ஒரு முறை. அதே வலுவை நான்கு துண்டுகளுக்கும் தனித்தனியே கொடுத்தால் 78 பைட் ஆகும். ஆயிரத்தில் ஒன்று என்ற அதே மோசமான விகிதத்தில், இரண்டு துண்டுகள் ஒருசேரத் தோற்றால்தான் பக்கம் தோற்கும் என்பதால் தோல்வி ஏறத்தாழ 0.5 சதவீதத்துக்கு இறங்குகிறது. அளவுக்கு மீறிய பிழையுள்ள துண்டைத் திருத்தி தவறான தரவாக மாற்றிவிடும் சிறு வாய்ப்பை இந்தக் கணக்கில் விட்டுவிட்டேன். பயன்படுத்துமுன் ஒவ்வொரு துண்டிலும் ஒரு சோதனைத் தொகை வைப்பது நல்லது. உங்கள் 64 பைட் உபரியில் பாரிட்டிக்கு 52, துணைத் தகவலுக்கு 10 என 62 ஏற்கெனவே போய்விட்டதால் இது அங்கே அடங்காது. 128 பைட் உபரியுள்ள சில்லுகளில் தாராளமாக அடங்கும்.

பாரிட்டியைப் பக்கத்துக்கு வெளியே கொண்டுபோவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூடுதல் பாரிட்டியை அதே சில்லின் இன்னொரு பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வாசிப்புக்கும் அதை எடுக்க நேர்ந்தால் உணரும் நேரம் இரட்டிப்பாகும். அது வேகத்துக்கு நேர் எதிர். மேலே சொன்னதுபோல் தோல்வியின்போது மட்டும் தேவைப்படும் பாரிட்டியைத்தான் அப்படி வெளியே அனுப்பலாம். ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி சில்லில் இது இன்னும் நுட்பமாகிறது. ஒரே செல் வரிசையில் மூன்று பக்கங்கள் இருக்கின்றன. பரவலான ஒரு பிட் ஒதுக்கீட்டில் கீழ்ப்பக்கத்தை ஒரு மின்னழுத்த ஒப்பீட்டிலும், நடுப்பக்கத்தை இரண்டிலும், மேல்பக்கத்தை நான்கிலும் வாசிக்க வேண்டும். மேல்பக்கத்தில் பிழை அதிகம் வரும் என்பதால், ஒரு துண்டை மூன்று பக்கங்களிலும் பிரித்து வைத்தால் பிழைகள் சமமாகப் பரவும் என்ற யோசனை எழுவது இயல்பு. பிழை சமமாகும், உண்மைதான். ஆனால் ஒரு துண்டை எடுக்க மூன்று பக்கங்களையும் உணர வேண்டிவரும். வாசிப்பு வேகம் நோக்கமென்றால் இதைச் செய்யாதீர்கள்.

வெவ்வேறு சில்லுகளில் பரப்புவது வேறு கதை. அவை ஒரே நேரத்தில் வேலை செய்யக் கூடியவை. பல எஸ்எஸ்டிகளில், பல சில்லுகளின் பக்கங்களை எக்ஸ்ஓஆர் செய்து ஒரு பாரிட்டிப் பக்கம் இன்னொரு சில்லில் வைக்கப்படுகிறது. ஒரு சில்லு முழுவதும் பழுதானாலும் தரவைக் காப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. ஆனால் அதே பாரிட்டி வேகத்துக்கும் உதவும். வேண்டிய சில்லு ஒரு தொகுதியை அழித்துக்கொண்டிருந்தால், அது மில்லி வினாடிக் கணக்கில் பதில் சொல்லாது. அப்போது மற்ற சில்லுகளின் பக்கங்களையும் பாரிட்டிப் பக்கத்தையும் வாசித்து, வேண்டிய தரவைக் கணக்கிட்டே பெற்றுவிடலாம். 2017ஆம் ஆண்டு ஃபாஸ்ட் என்னும் சேமிப்புத் தொழில்நுட்ப மாநாட்டில் சிகாகோ பல்கலைக்கழகக் குழுவினர் முன்வைத்த ஆய்வொன்று இந்தக் கருத்தை அடித்தளமாகக் கொண்டது. இதில் சராசரி வாசிப்பு வேகம் கூடுவதில்லை; எப்போதாவது வரும் மிக நீண்ட தாமதம்தான் குறைகிறது. பல கருவிகளில் பயனர் உணர்வது அந்தத் தாமதத்தைத்தான்.

புதிய சில்லுகளுக்கு இந்தப் பக்கத்துக்குள் பரப்பும் கணக்கு எவ்வளவு பொருந்தும்? மிகக் குறைவாகத்தான். இன்றைய பக்கம் 16 கிலோபைட். உபரியோடு 18000 பைட் என்று வைத்துக்கொண்டாலும், வினாடிக்கு 1200 மெகாபைட் வேகத்தில் முழுப் பக்கமும் 15 மைக்ரோ வினாடியில் வந்துவிடும், கால்பகுதி 3.75இல். டிஎல்சி செல்களை உணர அதைப்போல் பல மடங்கு நேரம் ஆகிறது. பழைய சில்லில் வேகத்தைத் தடுக்கும் இடுக்கு பஸ்தான். இங்கே செல்லை உணர்வதே இடுக்கு. கேலகர் 1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் வகுத்த எல்டிபிசி என்னும் பிழைதிருத்தக் குறியீடுகள் இப்போது பிசிஎச்சின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டன. அவை ஒரு துண்டின் எல்லாப் பிட்டுகளும் வந்த பிறகே சுழற்சிகளைத் தொடங்குவதால், 2 அல்லது 4 கிலோபைட் துண்டும் அதன் பாரிட்டியும் சேர்ந்தே வருவது அங்கே இயல்பான ஏற்பாடு. முதல் முயற்சி தோற்றால், மின்னழுத்த எல்லைகளைச் சற்று நகர்த்தி மறுபடி மறுபடி உணர்ந்து ஒவ்வொரு பிட்டின் நம்பகத்தையும் மதிப்பிட வேண்டும். அப்படி ஒரு முறை உணர்வதற்கே, பாரிட்டியை இடம் மாற்றி மிச்சப்படுத்தும் நேரத்தைவிடப் பன்மடங்கு ஆகும். எனவே இவற்றில் வேகத்துக்காகச் செலவிடும் உழைப்பு, முதல் முயற்சியிலேயே சரியான மின்னழுத்தத்தைத் தேர்வதில் போக வேண்டும்.

உங்கள் 1 கிகாபிட் எஸ்எல்சி சில்லுக்குத் திரும்பினால், நான் செய்யக் கூடிய வரிசை இது. கட்டுப்படுத்தி ஒரு துண்டை மட்டும் வாசிக்க அனுமதிக்கிறதா என்று பார்த்து, யூபிஐ தலைப்பு வாசிப்புகளை அதன் வழியாக விடுவேன். பாரிட்டி கடைசியில் இருந்தால், உபரியை முதலில் வாசிக்கும் வழியை முயன்று, முழுப் பக்க வாசிப்பு நேரத்தை அலைக்காட்டியில் அளப்பேன். சில்லின் தயார்நிலைக் கம்பியையும் திருத்தியின் முடிவுக் குறுக்கீட்டையும் சேர்த்துப் பார்த்தால் நேரம் எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரியும். சில்லுக்குள்ளேயே பிழைதிருத்தி இருக்கும் தொடர்வழி நாண்ட் வகையாக இருந்தால், இந்த முயற்சி எதுவும் பலிக்காது: அத்தகைய சில்லுகளில் திருத்தி இயங்கும்போது பக்கத்தை உணரும் நேரம் 25 மைக்ரோ வினாடியிலிருந்து 60 வரை உயர்வதைத் தரவேட்டிலேயே காணலாம், பாரிட்டியின் இடம் உங்கள் கையில் இல்லை. அளந்து பார்த்த பிறகும் திருத்தும் நேரம் பக்கத்தின் கடைசியில் குவிந்து நின்றால், அப்போது பரப்பிய அமைப்புக்கு மாறுங்கள். மாறும் நாளன்றே தொழிற்சாலைப் பழுது அடையாளங்களை முழுமையாக வாசித்து, அழிக்குமுன் தனியாகச் சேமித்துவிடுங்கள். ஒரு முறை அவற்றின்மேல் தரவு எழுதிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.